கஞ்சி அண்டாவுக்குச் சுற்றிய கூரைப் போர்வை

அன்பு மருமகன் ரசீத் அவர்களுக்கு, மேலப்பாளையத்திலிருந்து மாமா தாவூது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பின் பரக்கத்தால் நானும் உங்கள் மாமி அலிமா பீவியும் நலம். துபாயில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காதிருப்பானாக.

பெருநாளைக்கு மகள் தஸ்மியா பிள்ளையோடு வந்து தங்கும் மாடி அறையில் வெயில் சூடு இறங்காமல் தகரக் கூரைக்குக் கீழே அடிக்க நீங்கள் அனுப்பிய ஏரோஜெல் போர்வை வந்து சேர்ந்தது. உங்கள் கம்பெனியின் புதுச்சரக்கு அத்தனை லேசு என்று முன்னாடியே சொல்லியிருக்கலாம். பெட்டியைத் தூக்கினால் கனமே இல்லை. உள்ளே இருந்ததை உருவிவிட்டீர் என்று பார்சல்காரரைத் தெருவில் நிறுத்தி நான் சத்தம் போட, அவர் அங்கேயே பிரித்துக் காட்ட, போர்வையிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூள் கை நிறைய ஒட்டியிருக்க நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதில் பெரும்பாலும் காற்றுதான், அந்தக் காற்றும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் அடைபட்டு நகர முடியாமல் கிடக்கிறது, அதனால் சூடு லேசில் கடக்காது என்று நீங்கள் போனில் விளக்கியபோது எனக்குக் கூரை ஞாபகம் வரவில்லை மாப்பிள்ளை, கஞ்சி ஞாபகம்தான் வந்தது.

போன ரமலானில் நம் வீட்டு முறை வந்த அன்று பள்ளிவாசலில் ஊற்றிய நோன்புக் கஞ்சி ஆறிக் கெட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு நூகு எல்லோர் முன்னாலும், "தாவூது, இதைக் குடிக்கணுமா, வெட்டித் திங்கணுமா வே?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. இந்த வருஷம் நம் முறையிலும் மானம் போகக் கூடாதல்லவா? "கூரைக்கு வந்த சாமானைக் கஞ்சிக்குச் சுத்துதியளே, வெளங்குமா?" என்று மாமி தடுத்ததையும் கேளாமல், கொதிக்கக் கொதிக்க இறக்கிய அண்டாவுக்கு அந்தப் போர்வையைச் சுற்றி, தூள் கொட்டாதபடி மேலே என் பழைய கைலிச் சாரத்தையும் கட்டினேன்.

பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் தின்று, எல்லோரும் கோப்பையை எடுத்து ஒரு வாய் வைத்ததுதான் தாமதம், "யா அல்லாஹ்!" என்று ஒரே குரலில் சத்தம். பாங்கு சொன்ன மோதினார் நாக்கை நீட்டிக்கொண்டு விசிறி தேடினார். மஃரிபு தொழுதுவிட்டு வந்து பார்த்தாலும் அண்டாவில் ஆவி பறக்கிறது. மற்ற நாளில் கஞ்சியைக் குடித்ததும் வீட்டுக்கு ஓடுகிறவர்கள் அன்றைக்கு ஓட வழியில்லாமல் வட்டமாக உட்கார்ந்து ஊதினார்கள், ஊதிக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். என் பக்கத்தில் நூகு. "குலசேகரன்பட்டினத்துல ராக்கெட்டுக்குச் சுத்த வேண்டியதைக் கஞ்சிக்குச் சுத்திட்டீரே வே!" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வருஷக் கோபம் அதோடு போயிற்று. பேசாமல் இருந்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் மறுகோப்பையும் வாங்கிக் குடித்தார்.

சிந்திய கஞ்சி போர்வையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிட்டது. உதறி மடித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஆசாரி வந்து கூரையில் அடித்துவிடுவார், இனி அது கஞ்சிப் பக்கமே வராது. இது மாமாவின் வாக்கு. தஸ்மியாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். பிள்ளைக்கு எங்கள் முத்தமும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் துஆவும்.

இப்படிக்கு,
மாமா தாவூது

பின்குறிப்பு: ஆசாரி வந்துவிட்டார், போர்வையைக் காணோம். இன்று நூகு வீட்டு முறையாம். "எங்க கஞ்சிக்கும் ஆளுக உக்காந்து பேசட்டும்" என்று மாமியிடம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். பெருநாள் வரைக்கும் தெருவில் ஒவ்வொருவரும் தங்கள் முறைக்கு அது வேண்டுமென்று சொல்லிவைத்துவிட்டார்கள். கூரைக்கு வேறு அனுப்பவும். இன்னொன்று: அதைத் தன் மருமகன் அனுப்பியதாக நூகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆகையால் அவரோடு மறுபடியும் பேச்சு இல்லை.