வருங்கால மாப்பிள்ளையும் என் வயிற்றெரிச்சலும்

அன்று காலை பல் தேய்க்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். என் மனைவியின் யோசனைக் கடைக்கு முற்றுப்புள்ளி வைக்காமல் ஓய்வதில்லை.

உண்மையில் புள்ளி வைப்பது அவள் தொழில். கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். 'மணமகன்' என்பது 'மனமகன்' ஆகாமலும், 'விருந்து' என்பது 'மருந்து' ஆகாமலும் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். கார்டு பார்க்க வரும் ஜோடிகள் கையோடு ஒரு யோசனையும் கேட்பார்கள். மேடைக்கு என்ன விளக்கு, முன்வரிசையில் யார், பாட்டா பேச்சா என்று. இவளும் சொல்லுவாள். நன்றாகச் சொல்லித் தொலைப்பாள். போன வருஷம் கைபேசியில் 'கல்யாண யோசனைகள்' என்று ஒரு பக்கமே ஆரம்பித்துவிட்டாள். நிச்சயமான பையன்களும் பெண்களும் அதில் கேள்வி கேட்கிறார்கள். இவள் பதில் போடுகிறாள். சாப்பிடும்போது போடுகிறாள், துணி மடிக்கும்போது போடுகிறாள், முக்கியமாக நான் பேசும்போது போடுகிறாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கைபேசியைப் பார்த்துச் சிரிக்கிறாள் ஐயா! என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று? எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், திகுதிகுவென்று எரிந்தது.

"யாரு அது, இந்நேரத்துல?" என்றேன்.

"ஒரு மாப்பிள்ளைப் பையன். மோதிரத்தை எந்தப் பையில வச்சுக்கிறதுன்னு கேக்குறான்."

"அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"பாவம், பயப்படுறாங்க. அழகா இருக்கு."

"நாலு பேர் யோசனை கேட்டா உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா? சரியாச் சொல்லுங்க, திருத்திடலாம்."

பிழை திருத்துகிறவளைக் கட்டிக்கொண்டவன் வாயைத் திறக்கக் கூடாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "இது என்ன எழுத்து?" என்று இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியது வாடிக்கையாளர். அதனால் எனக்குத் தெரியாத எழுத்துகளும் இருக்கின்றன என்பது வெளியே தெரியாமலே போய்விட்டது.

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என் திட்டத்தை ஆரம்பித்தேன். கைபேசியில் ஒரு பொய்க் கணக்கு. பெயர், 'வருங்கால மாப்பிள்ளை'. வயசு இருபத்தேழு. இவன் போய் அவளிடம் கிறுக்குத்தனமான கேள்வியாகக் கேட்டுக் குடைய வேண்டும். அவள் வெறுத்துப்போய்ப் பக்கத்தை இழுத்து மூட வேண்டும். அப்புறம் பழையபடி என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இவ்வளவுதான்.

"வணக்கம் அக்கா, எனக்கு அடுத்த மாசம் கள்யாணம்" என்று தட்டினேன். கைபேசி ஏதோ சிவப்புக் கோடு போட்டது. அதுக்கு என்ன தெரியும்? அனுப்பிவிட்டேன்.

கட்டின மனைவியை அக்கா என்று எழுதிய கை கூசியது உண்மை. ஆனால் பதில் உடனே வந்தது.

"வாழ்த்துகள் தம்பி! தயங்காம எது வேணும்னாலும் கேளுங்க."

தயங்காமல்! நான் ஒரு சட்டைப் பொத்தான் தைத்துத் தரக் கேட்டாலே, "ஞாயிற்றுக்கிழமை பாக்கலாம்" என்பவள்!

"கள்யாணத்துக்கு வர்றவங்க எல்லாரையும் நிக்க வச்சே முடிச்சிடலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"அருமையான யோசனை தம்பி. பேச்சு சீக்கிரம் முடியும். கால் வலிக்கிறவங்களுக்கு மட்டும் நாலு நாற்காலி போடுங்க."

"நான் மேடைக்கு சைக்கிள்ல வரலாமா?"

"பொண்ணைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு வாங்க. விளக்கை எல்லாம் சைக்கிளுக்கே போட்டுடலாம்."

சாயங்காலம் பார்த்தால் என் கேள்விகளையும் அவள் பதில்களையும் பக்கத்தில் போட்டிருந்தாள். எண்ணூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு ஜோடி நிஜமாகவே வாடகைக்கு சைக்கிள் தேடிக்கொண்டிருந்தது. நான் வைத்த முற்றுப்புள்ளிக்கு அவள் வால் போட்டுக் காற்புள்ளி ஆக்கிவிட்டாள்.

அதோடு விட்டாளா? இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒரு தம்பி வந்தான் பாருங்க. தங்கமான பிள்ளை."

"எப்படித் தெரியும் தங்கம்னு? உரசிப் பாத்தியா?"

"பேச்சுலயே தெரியுதே. பொண்ணு மேல எவ்வளவு அக்கறை!"

நான் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இருந்தாலும் அவனைப் புகழ்கிறாள். அவன் நான்தான். நான்தான் என்றாலும் அவன் நான் இல்லையே! அவனுக்கு இருபத்தேழு வயசு. தொப்பை கிடையாது. சாதத்தைப் பிசைந்துகொண்டே அவனை மனசாரச் சபித்தேன்.

மறுநாள் அவள் முந்திக்கொண்டாள். "தம்பி, மேடை அலங்காரம் ஒரு நாள்தான். அதுக்கப்புறம் வீடுன்னு ஒண்ணு இருக்கு. காலையில தேநீர் போட இப்பவே பழகுங்க."

"பழகிட்டேன் அக்கா" என்று புளுகினேன். போனால் போகிறது, போடப்போவது அவன்தானே.

அன்றைக்கும் சாப்பாட்டில், "அந்தப் பிள்ளை தேநீர் போடுறானாம்" என்று பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்ச பொண்ணு!"

அந்தப் பெருமூச்சு என்னைச் சும்மா விடவில்லை. விடிந்ததும் எழுந்து தேநீர் போட்டேன். அடுத்த நாள், பாத்திரம் கழுவுவதாக அவன் அளந்தான். நான் கழுவினேன். துணி இஸ்திரி போடுவதாக அவன் அளந்தான். நான் சட்டைக் காலரையும் விரலையும் சேர்த்துத் தேய்த்தேன். கடையில் உட்கார்ந்து அவன் வாய்ச்சவடால் விடுவதும், வீட்டுக்கு வந்து நான் இடுப்பொடிவதுமாகப் பத்து நாள் ஓடியது. ஆனாலும் நல்ல பெயர் அவனுக்கு!

"நானும்தானே கழுவுறேன்?" என்றேன் பொறுக்கமுடியாமல்.

"ஆமாங்க. அவனைப் பாத்துத்தானே கத்துக்கிட்டீங்க?"

இதற்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டாள், அதில்தான் மாட்டிக்கொண்டேன். "பொண்ணுக்குப் பிடிச்ச நிறம் என்ன தம்பி? அதை வச்சுத்தான் மேடையே."

எனக்குத் தெரிந்த ஒரே பெண் இவள்தான். இவள் எப்போதும் நீலம்தான் உடுத்துவாள். "நீலம்" என்று அடித்தேன்.

"நிச்சயமாத் தெரியுமா? ஒரு தடவை அவங்களையே கேட்டுடுங்களேன்."

சாயங்காலம், தற்செயலாகக் கேட்பது போல அவளிடம் கேட்டேன். "உனக்கு என்ன நிறம் பிடிக்கும்?"

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "பச்சை" என்றாள்.

"எப்பவும் நீலம்தானே உடுத்துறே?"

"உங்களுக்குப் பிடிக்கும்னு யாரோ சொன்னாங்க."

எனக்கு நீலம் பிடிக்காது. இருபத்துமூன்று வருஷமாக இரண்டு பேரும் பிடிக்காத நிறத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாளே என்று ஒரு பக்கம் சந்தோஷமும் இருந்தது. ஆனால் கேட்கச் சொன்னது அவனுக்காக அல்லவா? மறுபடியும் எரிந்தது.

இனி இந்தப் பயலை விட்டுவைக்கக் கூடாது. "அக்கா, கள்யாணம் நின்னுபோச்சு. இனிமே உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன்" என்று அனுப்பி அவனை ஒழித்துக்கட்டினேன். அப்பாடா என்று ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடிச் சட்டம் மாட்டிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது.

"ஐயோ தம்பி! மனசு விட்டுடாதீங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நூலகத்துக்கு எதிர்த்த தேநீர்க்கடைக்கு வாங்க. நேர்ல பேசலாம்."

வாடிக்கையாளருக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

முன்பின் தெரியாத இருபத்தேழு வயசுக்காரனைத் தனியாகப் பார்க்கப் போகிறாளா? போவாளா? 'முடியாது அக்கா' என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் போகிறாளா என்று பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். "வரேன் அக்கா" என்று அனுப்பினேன்.

ஞாயிறு வந்தது. அவள் பச்சை உடுத்தினாள். எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியாது. கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஒருத்தரைப் பாக்க."

"யாரை?"

"மனசு உடைஞ்ச ஒருத்தரை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சந்து வழியாக ஓடி, அவளுக்கு முன்னால் போய்க் கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்தேன். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் வந்தாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இரண்டு கோப்பை தேநீர் வாங்கினாள். ஒன்றை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். வராமல் அவளைக் காக்க வைக்கும் அந்தப் பயல்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. என் மனைவி பச்சை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாள், இவனுக்கு என்ன அவ்வளவு திமிர்?

சட்டைப் பையில் கைபேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தேன்.

"தம்பி, பேப்பரை இறக்கிட்டு இங்க வாங்க. தேநீர் ஆறுது."

போனேன். வேறு என்ன செய்ய? எதிரே உட்கார்ந்தேன். அவள் கைப்பையிலிருந்து மடிப்பு விழுந்த ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். எனக்கு அந்தக் கையெழுத்து தெரியும். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் நான் அவளுக்கு எழுதியவை. 'நம் கள்யாணத்துக்குப் பிறகு' என்று முதல் வரி. 'ள'வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அடுத்த கடிதத்திலும் வட்டம். அதற்கடுத்ததிலும்.

"பதினோரு கடிதம். பதினொண்ணுலயும் அதே எழுத்து" என்றாள். "நான் முதல்முதலா பிழை திருத்தினது இதைத்தான். உலகத்துல கல்யாணத்துக்கு அந்த 'ள' போடுற மாப்பிள்ளை ஒருத்தர்தான்."

"அப்போ முதல் நாளே தெரியுமா?"

"முதல் வரியிலேயே."

"ஏன் சொல்லலை?"

"பாத்திரமெல்லாம் பளபளன்னு இருந்துச்சே."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அவன்கிட்ட அவ்வளவு ஆசையாப் பேசினியே! என்கிட்ட ஒரு நாளாவது அப்படிப் பேசினியா?"

"அவன் என்னை நாற்பது கேள்வி கேட்டான். நீங்க சாப்பாடு ரெடியாங்கிற ஒரே கேள்விதான் கேப்பீங்க" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்த நிறத்தை மட்டும்தான் அவனா இல்லாம நீங்களா வந்து கேட்டீங்க" என்றாள்.

அவள் சிரித்தாள். கைபேசியைப் பார்த்துச் சிரிப்பாளே, அதே சிரிப்பு, என்னைப் பார்த்து. பத்து நாள் பாத்திரம் கழுவியதற்கு அது தகும் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

பக்கம் இன்னும் நடக்கிறது. விடியற்காலைத் தேநீரும் என் கையால்தான். நடந்ததை எழுதிப் போட்டால் நிச்சயமான பையன்களுக்குப் பாடமாக இருக்கும் என்றாள், எழுதிக்கொடுத்தேன். 'கடைசியில் நான்தான் ஜெயித்தேன்' என்று முடித்திருந்தேன்.

"ஒரே ஒரு பிழைதான் இருந்துச்சு" என்று சொல்லி, அந்த வரியைச் சிவப்பில் அடித்துவிட்டாள்.