மூன்று பேருக்கு நான்கு சீட்டு

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. ஆண்டவன் காவலில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினம் காலையில் ஜெபத்துக்கு உன் பேரைச் சொல்லித்தான் கண்ணை மூடுகிறேன். பதிலுக்கு அவசரமே இல்லை. கோபம் ஆறிய பிறகு, கை ஒழிந்தபோது எழுதினால் போதும்.

முதலில் போன ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். முன்னறையில் டிரம்பெட்டும் கையுமாகச் சுவரைப் பார்த்து நின்றவர் உன் அத்தான். நடு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர்: வலது காது கேட்காத என் மாமியார், யாரும் சொல்லாததும் காதில் விழுகிற என் நாத்தனார், கீழ்வீட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர். இரண்டு அறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது நான். ஆக ஐந்து பேர். பூனைகூடக் கிடையாது. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் இல்லை, மெல்லிய மஞ்சள் தாளில் உன் கையெழுத்தில் ஒரு பட்டியல் மட்டும்: கிண்ணம் மூன்று, வால் ஐந்து. எட்டு மாசமாக நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், உன் பட்டறை லேத்தில் நீ கடைந்த மவுத்பீஸை, டிரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் அந்தத் துண்டை, அத்தான் ‘குழாய்க்கடைச் சாமான்’ என்று சொன்னது தப்புத்தான், நான் அன்றைக்கே சொன்னேன், ஆனால் பார், அதே மனுஷனுக்கு முன்பல் உடைந்து, புதுப்பல் கட்டி, பழைய மவுத்பீஸ் உதட்டில் உட்காராமல் போய், “முதல் தேதிக்குள்ள சரி பண்ணிக்குங்க, இல்லேன்னா பெரிய டிரம்மைத் தூக்கிக்குங்க” என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் முதல் டிரம்பெட்டாக நின்றவர். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு உனக்கு எழுதினேன். பெட்டி வந்த அன்றே உனக்குப் போன் செய்தேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. தினமும் செய்கிறேன், தினமும் ஓய்கிறது. கோபம், வேறென்ன.

எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் புனல் தெரியும். கிண்ணம் உதட்டுக்கு, அதன் அடியில் திருகும் வால் மூச்சுக்கு. வாலின் உள்ளே ஓடும் துளைதான் பேக்போர் என்று, பட்டியலின் பின்பக்கம் நீ வரைந்திருந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது சீக்கிரம் விரிந்தால் சத்தம் அகலமாகி மூச்சையெல்லாம் குடித்துவிடும். இறுக்கமாகவே போனால் சத்தம் ஊசியாக வரும். ஆழமில்லாத கிண்ணத்துக்கு இறுக்கமான வாலைக் கட்டிவைத்தால் குடும்பம் நடக்காது. மூன்றை ஐந்தால் பெருக்கினால் பதினைந்து ஜோடி. உன் அத்தான் எது பளபளக்கிறதோ அதுதான் இனிக்கிறது என்பவர். ஆகவே ஜோடியை நான் திருகி, துணியில் சுற்றிக் கையில் கொடுப்பேன், அவர் பார்க்காமல் மாட்டி ஊத வேண்டும். எந்த ஜோடி என்பது எனக்கும் என் நோட்டுக்கும் மட்டும் தெரியும். நடு அறைக்காரர்கள் கேட்டுவிட்டு ஆளுக்கொரு சீட்டு எழுதி, பிஸ்கட் டின் மூடியில் நான் கீறிய பிளவு வழியே போட வேண்டும். எனக்கு ஓட்டு இல்லை. நாற்பத்தைந்து சீட்டு எண்ணிக் கிழித்து வைத்தேன்.

முதல் ஜோடி முடிந்து டின்னைத் திறந்தால் நான்கு சீட்டு. மாமியார், ‘நன்றாக இருக்கிறது.’ (பதினைந்துக்கும் இதேதான் எழுதினார்.) நாத்தனார், ‘சகிக்கவில்லை.’ கடிகாரக்காரர், ‘சற்று முந்துகிறது.’ நான்காவது, மஞ்சள் தாளில்: ‘கிண்ணம் 1, வால் 1. மூச்சு முட்டுது. கழட்டு.’

நம்பர் எனக்கு மட்டும்தானே தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. நான் நாத்தனாரைப் பார்த்தேன்.

“அண்ணி, என்னைத் திருடி மாதிரி பாக்காதீங்க. எங்கண்ணன் ஊதறதுக்கு ஒரு ஓட்டுப் போடறதே ஜாஸ்தி.”

இரண்டாவதிலும் நான்கு. மூன்றாவதுக்கு நாத்தனாரிடம் சிவப்புப் பென்சிலும் மாமியாரிடம் நீலமும் கொடுத்தேன். கடிகாரக்காரர் சொந்தப் பேனா. வீட்டில் இருந்த ஒரே கறுப்புப் பென்சில் என் கொண்டையில் செருகியிருந்தது. டின்னைத் திறந்தால் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, மை ஒன்று, கறுப்பு ஒன்று. ‘வால் 3 பெருசு. அத்தானுக்கு வயசாச்சு, இவ்வளவு காத்து இல்லே.’ கொண்டையிலிருந்து உருவிப் பார்த்தேன். காலையில் நான் சீவிய முனை மழுங்கியிருந்தது.

பிறகு நான் டின்னை மடியிலேயே வைத்துக்கொண்டேன், பிளவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன், மனசுக்குள் ஜெபம் சொன்னேன், அவர்கள் போடும்போது மட்டும் விரலை விலக்கினேன், ஒன்று, இரண்டு, மூன்று, திறந்தால் நான்கு. ஒன்பதாவதில், அது கிண்ணம் 2, வால் 4, சீட்டு இப்படி இருந்தது: ‘இதுதான். ஆனா வால் டிரம்பெட்டுக்குள்ளே கொஞ்சம் அதிகமா போகுது. இந்தச் சீட்டையே ஒரு சுத்து சுத்திச் சொருகு.’

என்ன செய்ய? சுற்றினேன். சொருகினார். ஊதினார்.

தம்பி, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? மாமியார் செவிட்டுக் காதைக் கதவுப் பக்கம் திருப்பினார். நாத்தனார் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அத்தான் நிறுத்தினார், ஆனால் சுவருக்குள்ளே எங்கோ லேத் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல் நின்றுகொண்டே இருந்தது, எண்ணெய் வாசனை வந்தது, உன் பட்டறை வாசனை. டின்னுக்குள் சீட்டுகளோடு பித்தளைச் சுருள் ஒன்று கிடந்தது. எடுத்தேன். விரல் சுட்டது. கடிகாரக்காரர் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, “இப்பதாம்மா கடைஞ்சிருக்கு” என்றார்.

மீதி ஆறையும் முடித்தோம், கணக்கு அரைகுறையாக நிற்கக் கூடாதே. பதினைந்தாவது மஞ்சள் சீட்டு: ‘குழாய்க்கடைச் சாமான் எப்படி இருக்குன்னு அத்தானைக் கேளு.’

அத்தானிடம் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. “வந்துட்டான்டி! எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு விளையாடறான்!” என்று கட்டிலடியில் குனிந்து, “மச்சான், வாடா வெளியே, நான் சொன்னது தப்புதான்டா” என்றார். பீரோவைத் திறந்தார். தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கினார். அப்புறம் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “போன்ல கிடைச்சானா?” என்றார். இல்லை என்றேன்.

புதன்கிழமை பேண்ட் மாஸ்டர் கேட்டுவிட்டு, “உங்க இடம் உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். சுற்றிய சீட்டு வாலிலேயே இருக்கிறது. அதை எடுத்தால் சத்தம் போய்விடுமோ என்று அத்தானுக்குப் பயம். நான் நிதானமாக யோசித்து, இதெல்லாம் நாத்தனார் கைவரிசைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உன் பட்டியலைப் பார்த்து எழுத்தைப் பழகியிருப்பாள். நோட்டை எட்டிப் பார்த்திருப்பாள். சுருள் பெட்டியோடு வந்திருக்கும், வெயிலில் சுட்டிருக்கும். பயப்பட இதில் ஒன்றுமில்லை. நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். அத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா

பின்குறிப்பு: மேலே அவசரமில்லை என்று எழுதியதை அடித்துவிடு. நாத்தனாரைச் சொன்னதையும் அடித்துவிடு, பாவம், அவள் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டாள். உறை ஒட்டுமுன் கையெழுத்தை ஒத்துப்பார்க்கலாம் என்று, அத்தான் குளிக்கப் போன நேரம் பார்த்து, இன்று காலை வாலில் சுற்றிய சீட்டைப் பிரித்தேன். நான் சுற்றியபோது அதில் என்ன இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன், என் நோட்டிலும் இருக்கிறது. இப்போது அதில் இருப்பது: ‘அக்கா, பதில்தானே எழுதிட்டிருக்கேன்.’

தம்பி, எழுத்து வேண்டாம். எழுத்து வந்துகொண்டிருக்கிறது. இன்று சாயங்காலமும் நான் போன் செய்வேன். எடுத்து, ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடு. அதுவே பதில். சீக்கிரம் கொடு.