ஜிப்பு அண்ணாத்தயின் உப்புப் பரீட்சை

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜிப்பு அண்ணாத்தயிடம் பாஸ் ஆன பை என்று ஒன்று கிடையாது. கல்யாண சூட்கேஸ், ஸ்கூல் பை, லேப்டாப் பை எல்லாமே ஃபெயில். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு தையல் மெஷினைப் போட்டு, பைகளுக்கு ஜிப்பும் காதும் மாற்றித் தருவதுதான் அவர் தொழில். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தொழிலைப் பார்ப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. ரயிலுக்கு ஓடுகிறவர்களையும் மறித்துத் தீர்ப்பு சொல்வார். "சார், நில்லு. அந்த வலப்பக்கத்துக் காது தாம்பரம் தாண்டாது." ஒருவர் நின்று சண்டை போட்டதில் ரயிலே போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறும்போது காது அறுந்தது. திரும்பி வந்தவர் நன்றியா சொன்னார்? "யோவ், உன் வாய் பட்டுதான் அறுந்துச்சு" என்று கத்தினார். அண்ணாத்த அதற்குள் ஊசியில் நூலைக் கோத்துவிட்டிருந்தார்.

எனக்கு அவர் தேவைப்பட்டது கிரேஸால். எங்கள் ஆபீசில் ஆறு பேர், லீவு கிடைத்தால் மலையேறப் போவோம். கிரேஸ்தான் தலைவி. போன முறை கூடாரம் என் பையில் இருந்தது. தோள் வார் பிய்ந்து, பையும் கூடாரமும் பள்ளத்தில் உருண்டன. ஆறு பேரும் ஒரு பாறைக்கடியில் ஒண்டிக்கொண்டு மழையில் நனைந்தோம்.

"இந்த வாட்டியும் பை பிஞ்சி பூட்டுச்சுன்னா, அதுக்கப்புறம் நீ வராத. வூட்லயே இரு, போட்டோ அனுப்புறோம்" என்றாள் கிரேஸ்.

என் வாழ்க்கையில் உருப்படியாக இருப்பதே அந்த மலைகள்தான். அதுவும் போய்விடும் என்றதும் அன்றைக்கே புதுப் பை தேட ஆரம்பித்தேன்.

ஆன்லைனில் வரவழைத்த முதல் பையை அண்ணாத்தயிடம் கொண்டுபோனேன். "அறுபத்தஞ்சு லிட்டர், அண்ணாத்த."

"பாலா வாங்கிகினு வரப் போற? எத்தினி கிலோ தாங்கும், அதைச் சொல்லு."

வெளிப்பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். "மேல ஷோக்காத்தான் கீது. உள்ள பாரு, ஒத்தத் தையல்." திருப்பி அனுப்பினேன். இரண்டாவது பைக்கு ஜிப்பின் பல் சின்னது. மூன்றாவதற்கு இடுப்பு வார் ஒல்லி. "பாரம் இடுப்புல குந்தணும் நைனா. எந்தப் பொம்பளையாச்சும் தண்ணிக் குடத்தைத் தோள்ல மாட்டிகினு போயி பாத்துக்கீறியா?"

டெலிவரி கொண்டுவருகிறவரே கேட்டுவிட்டார். "சார், நீங்க பை வாங்குறீங்களா, வாடகைக்கு எடுக்குறீங்களா?"

நான்காவது பை கடையில் தேறிவிட்டது. தரையில் போட்டு மிதித்துக்கொண்டு வாரை இழுத்தார், வரவில்லை. அண்ணாத்தயின் முகம் சுருங்கிப்போயிற்று. "சரி, ஞாயித்துக்கெழம திருக்கழுக்குன்றம் வா. உப்புல பாத்துடலாம்" என்றார்.

கடப்பாக்கம் உப்பளத்திலிருந்து இருபது கிலோ கல்லுப்பு வரவழைத்திருந்தார். நல்ல கனம், தையல் கொஞ்சம் வாய் திறந்தாலும் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பையில் கட்டி நான் மலைக்கோயில் படியேற வேண்டும். அவர் கையில் குடையோடு, பையின் அடியைப் பார்த்தபடியே பின்னால் வருவார்.

பாதி வழியில் மூச்சு வாங்க நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பையைத் தொட்டுப் பார்த்து, "இன்னாப்பா இம்மாங் கனம்?" என்றார்.

"உப்பும்மா."

கோயிலுக்கு உப்பு கொண்டுபோனால் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். உடம்பில் மரு, அதற்கு வேண்டுதல். சாதாரணமாக ஒரு பொட்டலம் போதும். நானோ இருபது கிலோ சுமந்துகொண்டிருந்தேன்.

"அய்யோ பாவம். மூஞ்சில ஒண்ணும் காணோமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாத்த சொல்லிவிட்டார். "வெளிய காட்டுற எடத்துல இல்லம்மா."

அதன்பிறகு எனக்கு ராஜமரியாதை. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் எனக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்னும் பத்துப் படி ஏறியிருப்பேன். "நைனா, நில்லு" என்றார் அண்ணாத்த. குரலில் அப்படியொரு ஆனந்தம். பையின் அடிமூலை பிரிந்து, படிகளில் வெள்ளைக் கோடாக உப்பு கொட்டியிருந்தது. பின்னால் வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. உப்பை யார் மிதிப்பார்கள்?

"இன்னாபா பேஜாரு இது?" என்று கீழேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார். அண்ணாத்த துண்டை விரித்து, ஒவ்வொரு படியிலும் குந்தி உப்பை அள்ளிக்கொண்டே இறங்கினார். "மன்னிச்சிக்கம்மா, ஃபேக்டரித் தையல்" என்று ஆளுக்கு ஆள் விளக்கம் வேறு.

"சனிக்கிழமை கிளம்பணும் அண்ணாத்த. இனிமே பை மாத்த டைம் இல்ல" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வுடு. நான் கீறேன்ல."

அடியை மொத்தமாகப் பிரித்து, லாரித் தார்ப்பாய் வைத்து மூன்று தையல் போட்டுத் தந்தார். பச்சைப் பைக்கு நீல அடி. பார்க்கச் சகிக்கவில்லை. கிரேஸ் வழியெல்லாம் சிரித்தாள்.

மலையில் இரண்டு நாளும் மழை. என் பை அசையவில்லை, அதில் கொண்டுபோன புதுக் கூடாரத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பிய்ந்தது கிரேஸின் புத்தம்புதுப் பை. இரண்டாம் நாள் காலையில் தோள் வார் கையோடு வந்துவிட்டது. எல்லோரும் முழித்துக்கொண்டிருக்க, கயிறு இருக்குமா என்று என் பையின் அடியறையில் கையை விட்டேன். ஒரு சின்ன டப்பா அகப்பட்டது. உள்ளே கோணி ஊசியும் மெழுகு தேய்த்த நூலும். அண்ணாத்த சொல்லாமலே வைத்திருக்கிறார். மனுஷன் தன் தையலையும் நம்பவில்லை.

கோணல்மாணலாக நானே தைத்தேன். கீழே இறங்கும்வரை அது தாங்கியது.

ஊர் திரும்பியதும் கிரேஸ் அந்தப் பையோடு என்னுடன் அண்ணாத்த கடைக்கு வந்தாள். அண்ணாத்த வாரைத் திருப்பிப் பார்த்தார்.

"இத்த எவன் தெச்சான்?"

"நான்தான் அண்ணாத்த."

பையை மிதித்துக்கொண்டு என் தையலை இழுத்தார். மறுபடி இழுத்தார். பிரித்துப்போடக் கத்தரிக்கோலை எடுத்தார். என்னைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

"அவ்ளோதானா?" என்றாள் கிரேஸ். அவளுக்கு என்ன தெரியும்?

இப்போதும் மலைக்குக் கிளம்பினால் முதலில் அவர் கடைக்குத்தான் போய்ப் பையை நீட்டுவேன். அரைமணி நேரம் திட்டுவார். அந்தத் திட்டை வாங்காமல் மலையேற எனக்குப் பயமாக இருக்கிறது.