பாடத்திட்டத்தை வெச்சிட்டுப் போங்க

"பரீட்சைக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? பஞ்சர் ஒட்டுறவரு எனக்குச் சொல்ல வந்துட்டீங்க," என்றார் டியூஷன் வாத்தியார்.

பஞ்சர் கடைக்காரர் நாற்காலியை விட்டு நகரவில்லை. ரொட்டி வாங்கினாலும் தேதி பார்க்கிற ஆள். மகள் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் நர்சிங் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

"பரீட்சை வைக்கிறவங்களே நெட்ல போட்ட பாடத்திட்டம். இதுப்படி நடத்துங்க," என்று தாளை மேசையில் போட்டார். உள்ளே இருந்ததை அவர் படிக்கவில்லை. மேலே முத்திரை இருந்தது. அது போதும்.

"நெட்ல ஆயிரம் குப்பை வரும். வெச்சிட்டுப் போங்க. பிள்ளைங்க பாத்தா குழம்பிடும்."

நாலு நாள் கழித்து, அந்தத் தாளை அச்செடுத்துக் கொடுத்த நெட் சென்டர்ப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்கு எடுத்தது பழைய வருஷத்துது."

"இருக்கிறதுலயே புதுசு எதுவோ அத குடு."

வீட்டுக்கு வந்து மகளிடம் நீட்டினார். அவள் விரல் வைத்துத் தேடினாள்.

"இதுல காந்தமே இல்லப்பா. மாஸ்டர் நாலு நாளா காந்தம்தான் நடத்துறாரு."

புதுத் தாளோடு டியூஷனுக்குச் சைக்கிளை மிதித்தார்.

"திட்டத்துலேர்ந்து தூக்கிட்ட பாடத்த வெச்சு உருட்டுறீங்களே. கேக்க ஆள் இல்லைன்னு நெனப்பா?"

"பாடம் எனக்குத் தெரியும். அத வெச்சிட்டுப் போங்க."

அடுத்த வாரம் மகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காந்தத்த பாதியில விட்டுட்டாருப்பா. இப்ப நட்சத்திரம்."

"கிறுக்கா அவனுக்கு?"

அவர் போய்க் கேட்டதும் நெட் சென்டர்ப் பெண் தலையில் கை வைத்தாள்.

"புதுசு வேணும்னீங்க, குடுத்தேன். நட்சத்திரமெல்லாம் அடுத்த வருஷம் எழுதுற பிள்ளைங்களுக்கு. இந்தாங்க, உங்க பொண்ணுக்கு இதுதான்."

இந்தத் தடவை வருஷத்தை நாலு தரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். மகளையும் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரு வாரம் காந்தம், ஒரு வாரம் நட்சத்திரம். படிச்ச திமிர்ல இஷ்டத்துக்கு நடத்துறீங்க. நான் படிக்காதவன், எனக்கே தெரியுது. எம் பொண்ண நானே வீட்டுல உக்கார வெச்சுப் படிக்க வெச்சுக்கிறேன். வாம்மா."

வாத்தியார் அவர் கையிலிருந்த தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க."

"வெச்சிட்டுப் போங்க."

"குப்பைன்னீங்களே. குப்பைய எதுக்கு வெச்சிட்டுப் போகணும்? விடுங்கன்னா விடுங்க."

தாள் கிழிகிற நிலைமை. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"குடுத்துட்டுப் போங்கண்ணே. இத்தன நாளா நீங்க கொண்டாந்து போடுற தாளப் பாத்துத்தானே அவரு நடத்துறாரு."