நான் செய்த ரயிலும் நிற்காமல் போன ரயிலும்

கையில் மெல்லிய தூரிகை வைத்திருக்கும் ஆளிடம் பொதுக் காரியம் எதையும் ஒப்படைக்கக் கூடாது. அவன் கவிதையும் எழுதுவான் என்றால், ஊர்க் கூட்டம் நடக்கிற பக்கமே அவனை விடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

என்னுடைய பொழுதுபோக்கை ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே பழைய சாமான் சந்தையில் குட்டி ரயில்களை வாங்கி அனுப்புவான். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கை நீளத்தில், திருகாணி வரைக்கும் அச்சாக வார்த்த எஞ்சின்களும் பெட்டிகளும். எல்லாம் ஜெர்மன் மலைகளில் ஓடுகிற ரயில்களின் சாயல். பளபளவென்று வந்து இறங்கும். நான் அந்தப் பளபளப்பைக் கெடுப்பேன். அதுதான் பொழுதுபோக்கு. வந்த ரயிலை எங்கள் புத்தளம் லைனில் ஓடுகிற ரயிலாக மாற்றும் வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

முதலில் எஞ்சினின் மூக்கிலிருக்கும் பனி தள்ளும் தகட்டை அறுத்து எடுப்பேன். (புத்தளத்தில் பனி பெய்தால் உப்பென்று நினைத்து மூட்டை கட்டிவிடுவார்கள்.) பிறகு நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் ஜெர்மன் நிறத்தைத் துடைப்பேன். கைப்பிடிகளுக்குத் தூண்டில் கம்பி. துருவுக்கு, இறால் பண்ணை மதகில் சுரண்டி எடுத்த நிஜத் துரு. நிறம் பெயர்ந்த இடங்களுக்கு உப்பு. துருநிறம் பூசி, ஈரமாக்கி, கல்லுப்பை நுணுக்கித் தூவி, அதன்மேல் எங்கள் ரயிலின் நீலத்தைத் தெளிக்க வேண்டும். காய்ந்தபின் விரலால் தேய்த்தால் உப்பு உதிரும். நீலம் அங்கங்கே செதிலாகக் கழன்று, அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். கடற்காற்று வருடக்கணக்காகச் செய்யும் வேலையை ஒரு சிட்டிகை உப்பு ஒரு பின்னேரத்தில் முடித்துவிடும். துரு என்பது இரும்பின் ஞாபகசக்தி என்று அந்த நாட்களில் ஒரு வரிகூட எழுதினேன். (எந்தப் பத்திரிகையும் போடவில்லை.)

"புதுச் சாமானப் பழசாக்குறதுக்கு ஒரு மனுசன் இவ்வளவு பாடுபடுறத நான் இந்த வீட்டிலதான் பாக்குறன்," என்பாள் என் மனைவி றிஸானா. "நம்மட கேற் தானாத் துருப்பிடிச்சுக் கிடக்கு. அதுக்குப் பெயின்ற் அடிக்க உங்களுக்கு நேரமில்ல."

எங்கள் குடியிருப்பு முந்தலுக்கும் புத்தளத்துக்கும் இடையில் இருக்கிறது. ஒரு பக்கம் இறால் பண்ணைகள், மறுபக்கம் தென்னந்தோட்டம், ஊரின் முதுகை உரசிக்கொண்டு தண்டவாளம். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்த பிறகு சிலர் திரும்பிப் போனார்கள், பலர் போகவில்லை. போகாதவர்கள் அங்கேயும் கணக்கில் இல்லை, இங்கேயும் கணக்கில் இல்லை. கோச்சி (நாங்கள் ரயிலைச் சொல்வது அப்படித்தான்) நிற்க ஒரு தரிப்பிடம் வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். பெரிய ஆசையில்லை. ஒரு சீமெந்து மேடை, ஒரு பெயர்ப்பலகை. பலகை இருந்தால், இங்கே ஊர் என்று ஒன்று இருப்பதைக் கோச்சியில் போகிறவர்களாவது வாசித்துக்கொண்டு போவார்கள்.

தரிப்பிடம் வரும் வரைக்கும் ஒரு மனிதர் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு வழி செய்து தந்திருந்தார். பின்னேரக் கோச்சியின் றைவர், பியசேன மாத்தயா. எங்கள் ரயில் கடவைக்குக் கிட்ட வந்ததும் கோச்சியை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைப்பார். நிறுத்தமாட்டார். நிறுத்தினால் கேள்வி வரும், மெதுவாகப் போனால் யார் கேட்பது? அந்த வேகத்தில் எங்கள் ஆட்கள் இறங்கிக்கொள்வார்கள். சிலாபம் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு வரும் கதீஜா ராத்தா, வெறும் கூடையை முதலில் கீழே போட்டு, முக்காட்டுத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலை மடித்து இறங்குவார். புருசன் மௌத்தாகிப்போன வீட்டை அந்தக் கூடைதான் தாங்கியது. முந்தலில் இறங்கி ஓட்டோ பிடித்தால், அன்றைக்கு உழைத்தது ஓட்டோவோடு போய்விடும். கடவையில் நிற்கும் யாராவது ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை எஞ்சின் ஜன்னலுக்கு நீட்டுவார்கள். பியசேன மாத்தயா கையை நீட்டி வாங்கிக்கொண்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டு போவார்.

ஊரெல்லாம் அறிந்த இந்த ஏற்பாட்டை ஊருக்கு வெளியே யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அந்தளவு புத்தி எல்லோருக்கும் இருந்தது. ஒருவனைத் தவிர.

அப்படியிருக்க ஒரு நாள், கொழும்பிலிருந்து ரயில்வேயின் பெரிய அதிகாரி ஒருவர் இடம் பார்க்க வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அவர் தலையாட்டினால் மேடை வரும். எங்கள் பள்ளிவாசல் தலைவர் லத்தீப் ஹாஜியார் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, வாறவருக்குப் பொன்னாடையோட நினைவுக்கு ஒண்டு குடுக்கோணும். நீங்க செய்யிற அந்தக் குட்டிக் கோச்சியில ஒண்டு குடுப்பமா? ரயில்வேக்காரருக்குப் பொருத்தம்தானே."

"குடுப்பம் ஹாஜியார்."

"ஆனா நல்ல மினுக்கமா இரிக்கோணும்."

மினுக்கம். தலையாட்டினேன். உள்ளே ஒரு கலைஞன் காயப்பட்டுத் தரையில் புரண்டுகொண்டிருந்தான்.

வெறும் ரயிலைக் கொடுத்தால் அது அலுமாரிக்குள் போகும் பொம்மை. எங்கள் இடத்தையே கொடுத்தால் அந்த மனிதரின் நெஞ்சு இளகும். இப்படி யோசித்து, ஒரு பலகையில் எங்கள் ரயில் கடவையையே செய்யத் தொடங்கினேன். கடவையின் நிஜப் புழுதியை அள்ளி வந்து, றிஸானாவின் மாவரிக்கும் அரிதட்டில் அரித்துத் தூவினேன். (அந்த வாரம் இடியப்பம் கடித்தபோது ஊரின் மண்வாசனை வந்தது.) தம்பி அனுப்பிய குட்டி மனிதர்கள் எல்லோரும் ஜெர்மன்காரர், பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள். ஒருத்தியின் சறுக்குத் தடிகளை வெட்டிவிட்டு, மெல்லிய காகிதத்தில் முக்காடு போட்டு, கீழே ஒரு கூடையை ஒட்டினேன். முழங்கால் மடிப்பு ஏற்கெனவே இருந்தது. கதீஜா ராத்தா பிறந்துவிட்டார். கடிதம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தபால்காரரிடமிருந்து கடிதத்தைச் சுரண்டிவிட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து எஞ்சின் ஜன்னலில் வைத்தேன். ஒற்றை மயிர்த் தூரிகையால் மீசை போட்டேன். பியசேன மாத்தயாவின் மீசை இடது பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும். இதிலும் தூக்கியிருந்தது.

அத்தோடு விட்டேனா? அவர் ஓட்டுகிற எஞ்சினின் இலக்கத்தை எஞ்சினில் எழுதினேன். கடவைக்குப் பக்கத்தில் நிற்கும் கிலோமீட்டர்க் கட்டையை நட்டு, அதன் இலக்கத்தையும் எழுதினேன்.

"இஞ்ச பாருங்க, இந்தக் கட்டை என்னத்துக்கு?" என்று கேட்டாள் றிஸானா.

"உண்மைக்கு."

"அவங்க கோச்சியக் கேட்டாங்களா, உண்மையக் கேட்டாங்களா?"

கவிதை விளங்காத பெண் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கதீஜா ராத்தாவும் வந்து குனிந்து பார்த்தார். தன்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்ட குதிக்கால் வெடிப்பையும் போட்டிருக்கலாமே தம்பி," என்றார். அவர் போன பிறகு, போடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அந்த நாளும் வந்தது. மதரஸா மண்டபத்தில் கதிரைகள், மேசை விரிப்பு, செவ்விளநீர். என் படைப்பை ஒரு துணியால் மூடிக் கொண்டுபோனேன். வாசலில் ஹாஜியார் என் தோளைப் பிடித்தார்.

"குடுங்க, சிரிங்க, வந்து இருங்க. கதைக்க வேணாம்."

அதிகாரி மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். பொன்னாடையைக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். நான் துணியை எடுத்தேன். துருவும் புழுதியும் பிடித்துக் கிடந்த ரயிலைக் கண்டதும் ஹாஜியாரின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப் போவது தெரிந்தது. அதிகாரி போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்துப் போட்டார். குனிந்தார். குனிந்தபடியே இருந்தார்.

"இந்த நிறம் பெயர்ந்திருப்பது, உப்பு வைத்துச் செய்ததா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. உலகத்தில் ஒருவர். ஒரே ஒருவர். அவரும் வீட்டில் ஒரு அறை நிறையக் குட்டி ரயில்கள் வைத்திருக்கிறாராம். அவருடைய மனைவியும் கேற் பற்றித்தான் பேசுவாராம். இத்தனை வருடமாக யாரும் கேட்காத கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தாகத்தில் கிடந்தவன் தண்ணீர் குடிக்கிற மாதிரிப் பதில் சொன்னேன். அவருடைய விரல் பெட்டியின் கதவடியில் வந்து நின்றது.

"இந்த அம்மா இறங்குகிறாரே. கோச்சி நிற்கிறதா?"

"இல்லை சேர், ஓடுகிறது. புகையைப் பாருங்கள், பின்னால் சாய்ந்திருக்கிறது." பஞ்சைப் பிய்த்துச் சாய்வாக ஒட்டிய என் கெட்டித்தனத்தை அவர் தவறவிட்டுவிடுவாரோ என்று பயம்.

ஹாஜியார் இருமினார்.

"ஓடும்போதா இறங்குகிறார்?"

"மெதுவாகத்தான் சேர் போகும். எங்கட றைவர் மாத்தயா ஒவ்வொரு நாளும் குறைத்துத் தருவார்."

ஹாஜியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அளவுக்கு இருமினார். அவருடைய இருமலில் என் விளக்கம் மூழ்கிவிடக் கூடாதென்று நான் குரலை உயர்த்தினேன்.

"றைவரின் கையில் என்ன?"

"கருவாடு சேர். ஆட்கள் அன்புக்குக் கொடுக்கிறது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது நான் விழித்திருப்பேன். கிலோமீட்டர்க் கட்டையை நுனிவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்த இலக்கம் சரியானதா?"

"நானே போய்ப் பார்த்து எழுதினது சேர்."

"எஞ்சின் இலக்கம்?"

"அதுவும்தான்."

நிமிர்ந்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார். மற்றக் கண்ணாடிக்குள் இருந்தவர் என்னோடு கதைத்துக்கொண்டிருந்த மனிதர் இல்லை. நன்றி சொன்னார். பலகையை உதவியாளிடம் கொடுக்காமல் தன் இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டுபோய் வாகனத்தில் வைத்தார். என் கைவேலையை அவ்வளவு பவுத்திரமாக அதற்கு முன் யாரும் தூக்கியதில்லை. இடம் பார்க்கக் கடவைக்கு வரவே இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்தானே.

வாகனத்தின் புழுதி அடங்கியதும் ஹாஜியார் ஒரு கதிரையில் சரிந்தார்.

"தம்பி, அந்தாள் வந்தது மேடை கட்டுற இடம் பாக்க," என்றார். "நீங்க காட்டினது களவு நடக்கிற இடம்."

பிறகு ஒரு பின்னேரம் கோச்சி முழு வேகத்தில் வந்தது. ஜன்னலில் புதிய முகம், மீசை இல்லை. ஊர் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரைக்கும் ஹோர்ன். கதவடியில் முழங்காலை மடித்தபடி நின்ற கதீஜா ராத்தாவை நான் கடவையிலிருந்து பார்த்தேன். அவர் கூடையைக் கீழே போட்டுவிட்டார். கூடை உருண்டு வந்து பற்றைக்குள் விழுந்தது. அவர் வரவில்லை. கோச்சி போய் நின்ற பாலாவியில் இறங்கி, உப்பு லொறி ஒன்றில் இரந்து ஏறி வந்து சேர்ந்தார்.

தரிப்பிடம் பற்றிய பதிலும் வந்தது. ஓடும் ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கும் ஆபத்தான இடம் என்று தெரியவந்திருப்பதால் அங்கே தரிப்பிடம் அமைப்பது உசிதமல்லவாம். பியசேன மாத்தயாவை மலைநாட்டுப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விசாரணை மேசையில் என் பலகையையும் வைத்திருந்தார்களாம். அவர் மறுக்கவில்லையாம். "மீசையப் பாத்தா நான் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று ஹாஜியாரிடம் தொலைபேசியில் கேட்டாராம். திட்டியிருக்கலாம். திட்டாத மனிதர்கள்தான் என்னை இன்றைக்கும் இருக்கவிடாமல் செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் எந்த ரயிலுக்கும் துரு பூசவில்லை. மிச்ச ரயில்கள் ஜெர்மன் பளபளப்போடு பெட்டிக்குள் கிடக்கின்றன, ஹாஜியார் ஆசைப்பட்ட மாதிரியே.

வீட்டில் இது நிரந்தரப் பகிடியாகிவிட்டது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான், "பிள்ளைக்குக் கொஞ்சம் முன்கோபம்..." என்று தொடங்கியபோது, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடியே றிஸானா சொன்னாள்: "இஞ்ச பாருங்க, கட்டை நடாதீங்க." வந்தவர்கள் வீட்டில் ஏதோ கட்டட வேலை நடப்பதாக நினைத்துக்கொண்டார்கள். கல்யாணம் நடந்தது. இப்போது மருமகனும் அதையேதான் சொல்கிறார், மரியாதையாக: "மாமா, கட்டை வேணாம் மாமா."

கதீஜா ராத்தா மட்டும் பகிடி பண்ணுவதில்லை. இப்போது அவர் முந்தலில் இறங்கி, இன்னும் சில பெண்களோடு ஒரே ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார். ஒரு பின்னேரம் முந்தல் சந்தியில் அந்த ஓட்டோவைக் கண்டேன். றைவரின் ஆசனத்தில் பாதியில் ஒருத்தி, மடிமேல் மடியாக மற்றவர்கள், கூரையில் கட்டிய கூடைகள், கூடைகளின் ஓட்டை வழியே ஒழுகும் மஞ்சள் வெயில். என்ன ஒரு காட்சி. என்னையறியாமல் நின்றுவிட்டேன்.

ராத்தா என்னைக் கண்டார். உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க மகன்," என்றார் ஓட்டோ றைவரிடம். "அவர் அங்கால போகட்டும்."

நான் அங்கால போனேன்.