வாசிச்சுப் பாருங்க, சரியாயிடும்

பரிந்துரைப் பேராசிரியர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்த பல்கலைக்கழகத்தில் இல்லை என்று சாதிக்காதீர்கள். எலி இல்லாத கிடங்கும் இவர் இல்லாத துறையும் உலகத்தில் எங்கும் கிடையாது. எலியாவது புத்தகத்தைக் கடித்துப் பார்க்கும். இவர் அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை.

இவரை அடையாளம் காண நுண்ணோக்கி வேண்டாம். ஏதாவது ஒரு கஷ்டத்தைச் சுமந்துகொண்டு அவர் அறைக்குள் நுழையுங்கள், போதும். நீங்கள் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றுவார், கழற்றியதைத் துடைப்பார், துடைத்ததை மாட்டிக்கொள்ளாமல் கையில் பிடித்தபடி மின்விசிறிக்கும் சுவருக்கும் நடுவே எங்கேயோ பார்ப்பார், ஒரு பெருமூச்சை விடுவார், விட்ட பிறகு, “இதுக்கு நீ ஒரு புத்தகம் வாசிக்கணுமே” என்பார். அவ்வளவுதான். நீங்கள் இறக்கி வைக்க வந்த சுமை உங்கள் தலைக்கே திரும்பிவிடும். கூடவே நானூறு பக்கம்.

பொதுவாகப் பேசினால் நம்ப மாட்டீர்கள். சமூகவியல் துறையின் மாடியறையில் குடியிருந்த ஓர் உயிருள்ள மாதிரியையே எடுத்துக்கொள்வோம். தேர்வு பயமா? அவரிடம் புத்தகம் உண்டு. காதலித்தவன் கைவிட்டானா? புத்தகம். உதவித்தொகை வந்து சேரவில்லையா? பணத்தின் மேல் பற்றை அறுப்பது குறித்து அருமையான ஒரு புத்தகம். விடுதிக் குளியலறையில் தண்ணீர் வருவதில்லை என்று முறையிடப்போன முதலாண்டுப் பெண்கள், பாலைவனத்தில் தனியே நடந்த ஒரு துறவியின் வரலாற்றை வாசிக்கும்படி சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். துறவிக்கும் தண்ணீர் கிடைக்கவில்லையாம், ஞானம் கிடைத்ததாம். இப்படி வந்தவர் போனவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்ததால் மாணவர்கள் அவருக்கு ‘மருந்துச்சீட்டு’ என்று பெயர் வைத்தார்கள். அது வைத்தியர்களுக்குச் செய்த அநியாயம். வைத்தியர் பேருக்காவது நாடியைப் பிடித்துப் பார்ப்பார்.

அவருடைய அறையைப் பார்த்திருக்கிறீர்களா? கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே கனமான புத்தகங்கள் கண்ணுயரத்தில், மெலிந்தவை கீழே, பாடப் புத்தகங்கள் ஆள் கண்ணில் படாதபடி பின்வரிசையில். அலமாரிப் பூட்டின் சாவி தொலைந்து நெடுங்காலம் ஆகிறது. அதனால் அவருக்கு ஒரு குறையும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தழுதழுக்கும். “இப்போ அதைத்தான் மறுபடி வாசிச்சுட்டு இருக்கேன்” என்பார். கவனியுங்கள், மறுபடி. இந்த இனத்தில் எவரும் எந்தப் புத்தகத்தையும் முதல்முறையாக வாசிப்பதே கிடையாது. எல்லாமே மறுவாசிப்பு. பிறக்கும்போதே ஒருமுறை முடித்துவிட்டு வந்திருப்பார்கள் போலும்.

அத்தனை மருந்திலும் அவருக்குக் கைகண்ட மருந்து ஒன்று இருந்தது. தன்னைத் தானே வெல்வது பற்றி எழுதப்பட்ட, நீல அட்டை போட்ட, தலையணை கனத்தில் ஒரு புத்தகம். “அதை வாசிக்கிறதுக்கு முன்னாடி இருந்த நான் வேற, இப்போ இருக்கிற நான் வேற” என்று ஒவ்வொரு வரவேற்பு விழாவிலும் முழங்குவார். ஒருமுறை வீட்டுக்கு வந்த மாணவர்களிடமும் இதையே சொல்ல, தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி தட்டை மேஜையில் வைத்தபடி, “அந்த முன்னாடி இருந்தவர் எப்போ வந்துட்டுப் போனாரு? நான் பாக்கவே இல்லையே” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பேராசிரியர் சிரித்துச் சமாளித்தார். அந்த அம்மாளுக்கும் நீலப் புத்தகம் பலமுறை பரிந்துரைக்கப்பட்டதுதான். சமையலறைக் குழாய் ஒழுகியபோது முதல்முறை.

இவரிடம்தான் அந்த ஆய்வு மாணவி வந்து மாட்டிக்கொண்டாள். அவளுக்கு இருந்தது அம்மா ஒருத்தி மட்டும். தையல் கடையில் குனிந்தே முதுகு வளைந்துபோன அம்மா. மகள் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தால்தான் அந்த இயந்திரத்தைவிட்டு எழுந்திருக்க முடியும். இது அவளுக்குத் தெரியும், அவள் சொல்லிப் பேராசிரியருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஆய்வு மாணவி என்றால் அவர் அகராதியில் சம்பளம் இல்லாத எழுத்தர் என்று பொருள். அவருடைய வகுப்பு விடைத்தாள்களைத் திருத்துவது அவள். அவருடைய பேச்சுகளைத் தட்டச்சு செய்வது அவள். கருத்தரங்குகளில் அவர் பேசி முடித்ததும் முதல் ஆளாகக் கைதட்ட வேண்டியவளும் அவள்தான்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். அவள் மாடியறைக்குப் போய், ஒரு வாரத்துக்கு மட்டும் விடைத்தாள் வேலையை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கண்ணாடி கழன்றது. துடைக்கப்பட்டது. பெருமூச்சு வந்தது.

“பொறுமைங்கிறது ஒரு கலைம்மா. நீலப் புத்தகத்துல அதுக்குன்னே ஒரு அதிகாரம் இருக்கு. வாசிச்சுப் பாரு, சரியாயிடும்.”

விடைத்தாள் கட்டையும் அவள் கையில் கொடுத்து அனுப்பினார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அம்மாவை உள்ளே அழைத்துப் போன கதவுக்கு எதிரே உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, நூலகத்திலிருந்து எடுத்து வந்த நீலப் புத்தகத்தை அவள் பிரித்தாள். முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். அதிகாலையில் எழுவது எப்படி என்று இருந்தது. அழுத்தமாகக் கைகுலுக்குவது எப்படி, கூட்டத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மதிப்பு என்றெல்லாம் இருந்தது. பொறுமையைப் பற்றி ஓர் அதிகாரம் இல்லை, ஒரு பத்திகூட இல்லை. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, கடைசியில் வந்த கோபம் மட்டும் போகவேயில்லை.

அந்தக் கோபத்தைத்தான் அவள் ஆய்வாக்கினாள். குழாயைப் பழுதுபார்க்க வேண்டிய இடத்திலும், விடுப்புக் கொடுக்க வேண்டிய இடத்திலும், உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலும் ஆசிரியர்கள் ஏன் மாணவர்களுக்குச் சுயமுன்னேற்ற நூல்களைக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய், கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதினாள். மூன்றாம் அத்தியாயம் முழுக்க முழுக்க நீலப் புத்தகம். அதை வரி வரியாகப் பிரித்துப் போட்டிருந்தாள். இதற்கு வழிகாட்டியவர் யார்? நம் பேராசிரியரேதான். தலைப்பில் ‘நூல்கள்’ என்ற சொல் இருந்தது, அவர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அத்தியாயங்களை அவர் திருத்திய முறையையும் சொல்ல வேண்டும். காகிதக் கட்டைக் கையில் வாங்கி, கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி எடை பார்ப்பார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, தோன்றிய பக்கத்தில் ஒரு கோடு, தோன்றாத பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, இடையிடையே ‘ஆழம் தேவை’. எதற்கு ஆழம், எவ்வளவு ஆழம், கிணறா குளமா என்று கேட்கக் கூடாது. நன்றியுரையில் அவள் தன் அம்மாவின் உழைப்பை நினைத்து எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று எழுதியிருந்தார். அவள் அதை அம்மாவிடம் காட்டவில்லை.

ஒருவழியாக வாய்மொழித் தேர்வுக்கு நாள் வந்தது. அதற்குள் ஒரு மகளிர் கல்லூரி அவளை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்து, புதிய கல்வியாண்டு தொடங்குவதற்குள் பட்டத்தோடு வந்தால் வேலை, இல்லையென்றால் அடுத்தவருக்கு என்று சொல்லியிருந்தது. அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் துறைக் கூடத்தில் நின்றாள். நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேஜையில் பிஸ்கட்டும் தண்ணீர்ப் புட்டிகளும் இருந்தன. நடுவில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பக்கத்தில் நம்மவர். இருவரும் ஒருவருக்கொருவர் எதையெதை மறுவாசிப்புச் செய்கிறோம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாளரும் அதே இனம் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இனம் இனத்தோடுதான் சேரும்.

அவள் ஆய்வைச் சுருக்கிச் சொல்லி முடித்தாள். சொல்லும்போது தேர்வாளர் கைபேசியில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் நிமிர்ந்து, ஆய்வேட்டை இரண்டு முறை தட்டிக்கொடுத்து, நல்ல உழைப்பு என்று பாராட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இவ்வளவு எழுதியிருக்கீங்க, நீலப் புத்தகத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேம்மா. அதை விட்டுட்டு இந்த விஷயத்தைப் பேசவே முடியாதே.”

வழிகாட்டி என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்? இந்த இடத்தில் வாயைத் திறப்பதற்குத்தான். அவரும் திறந்தார். “நானும் அதைத்தான் சார் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன்” என்றார், கையை விரித்து. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் குதிரைக்கும் ஒரு வழிகாட்டி இருந்திருக்க வேண்டும்.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள்.

“மூணாவது அத்தியாயம் முழுக்க அந்தப் புத்தகம்தான் சார்.”

கூடத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது. தேர்வாளர் ஆய்வேட்டைப் பிரித்தார். மூன்றாம் அத்தியாயத்தின் நெற்றியிலேயே நீலப் புத்தகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், நம்மவரைப் பார்த்தார். நம்மவர் மின்விசிறிக்கும் சுவருக்கும் நடுவே பார்த்தார். தவறிவிட்டது, கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் யாருடைய தலையும் போயிருக்காது. ஆனால் வாசித்ததாகச் சொல்லி வாழ்ந்தவர்கள் வாசிக்கவில்லை என்று சொல்வார்களா? நம்மவர்தான் முதலில் சுதாரித்தார்.

“இருக்கிறது வேற, உள்வாங்குறது வேறம்மா.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார் தேர்வாளர், மூச்சு திரும்பி வந்தவராக.

இரண்டு பேருடைய மானத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதனால் நீலப் புத்தகத்தை ஆழமாக உள்வாங்கி ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு எழுதினார்கள். பட்டம் அரையாண்டுக்குத் தள்ளிப்போனது. மகளிர் கல்லூரி காத்திருக்கவில்லை. காத்திருப்பதாக அது சொல்லவும் இல்லை. அம்மா அறுவை சிகிச்சை செய்த உடம்போடு மறுபடி இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை, மன்னியுங்கள்.

கெடு வந்தபோது மாணவி மாடியறைக்குப் போய் ஆய்வேட்டை மேஜைமேல் வைத்தாள். பேராசிரியர் கையில் எடுத்து எடை பார்த்தார். முகம் மலர்ந்தது. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, தலையை ஆட்டி ஆட்டி ரசித்து, மூடினார். இப்போதுதான் இதற்கு ஓர் உயிர் வந்திருக்கிறது என்றார். ஒரு புத்தகம் ஒரு ஆளை எப்படி மாற்றிவிடுகிறது என்று தாமே வியந்துகொண்டு, போட வேண்டிய கையெழுத்தையும் போட்டார். அவர் பேனாவை மூடும்வரை அவள் காத்திருந்தாள்.

“சார், நான் இதுல ஒரு எழுத்துகூட மாத்தலை. அன்னைக்குக் கொடுத்த அதேதான்.”

அவர் ஒரு நொடிதான் தடுமாறினார். ஒரே நொடி. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“மாத்தாமலே மாறியிருக்கு பாத்தியா? அதுதாம்மா வளர்ச்சி.”

விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவில்லை. அந்த ஆண்டு வரவேற்பு விழாவில் அவர் மேடையேறி, நீலப் புத்தகத்தால் உருமாறிய தம் மாணவி ஒருத்தியின் கதையைச் சொன்னார். புதிய பிள்ளைகள் கண் கலங்கக் கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு வரிசை நின்றது. அந்த வேளையில் மாணவி தன் பட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பள வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் இதை ரசித்திருப்பீர்கள் என்று நம்பலாம். வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். ‘அவர் இதை அவசியம் வாசிக்கணும்’ என்று இப்போதே அனுப்பிவைக்கக் கையும் பரபரக்கும். அங்கேயே நில்லுங்கள், இனத்தின் முதல் அறிகுறி அதுதான். போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ, யாரோ ஒருவர் வாடிய முகத்தோடு வந்து உங்கள் எதிரே உட்கார்ந்தார். நீங்கள் பாதியிலேயே தலையை ஆட்டி ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னீர்கள். அவரும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவர் உங்களிடம் கேட்க வந்தது என்ன?