பொன்னுச்சாமி அண்ணனின் உளுந்து

பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பேசுகிற விஷயமெல்லாம் தெரிந்த விஷயம் என்றே நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில்தான், மழை ஏமாற்றினாலும் தாங்குகிற விவசாய முறைக்கு விவசாயிகளைப் பேசிச் சேர்க்கும் வேலை கிடைத்தது. (படித்தது கணக்குப்பதிவியல். விவசாயம் கற்றது செல்போன் வீடியோவில்.)

கோயமுத்தூரிலிருந்து போயிருந்தேன். தாராபுரம் பக்கம் செல்வராசு அண்ணன் தோட்டத்தில் செயல்விளக்கம். சணப்பு என்கிற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூத்ததும் அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும். உரச்செலவு குறையும், மண்ணில் ஈரம் நிற்கும். தென்னந்தோப்புக்காரர், தக்காளி போடுகிறவர், ஆடு வளர்க்கிற மானாவாரிக்காரர் எனப் பல தினுசாக வந்திருந்தார்கள். இவர்கள் நம்பாவிட்டால் அடுத்த மாதம் எனக்கு வேலை கிடையாது.

செல்வராசு அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பூத்த பயிரை உழுதா வயிறு பகீர்னுதான் இருக்கும். யாரும் பதறக் கூடாதுங்க!" என்று முழங்கிவிட்டு, மஞ்சள் பூ தெரிந்த வயலை டிராக்டர்காரருக்குக் காட்டினேன்.

"இதேதானுங்களா அம்மணி?"

"இதேதானுங்க. ஓட்டுங்க!"

கலப்பை இறங்கியது. இரண்டு சுற்று போயிருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுச்சாமி அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் ஓடி வந்தார்.

"ஏனுங்க! ஏனுங்க அம்மணி! நிறுத்தச் சொல்லுங்க!"

"பதறாதீங்கண்ணா," என்றேன், கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி. "மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தானுங்க இருக்கும். மண்ணுக்கு நல்லதுங்க."

"நல்லதுதானுங்க. ஆனா அது என்ற உளுந்துங்க!"

திரும்பிப் பார்த்தேன். செல்வராசு அண்ணனின் சணப்பு கிணற்றுக்கு அந்தப் பக்கம் மார்பளவு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. உளுந்தோ முழங்காலைக்கூடத் தாண்டாது. இரண்டுக்கும் பூ மஞ்சள். நான் கற்றிருந்தது அந்த மஞ்சளை மட்டும்தான். டீயோடு வந்த செல்வராசு அண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குமே, சொல்லக் கூடாதுங்களா?" கூட்டத்திடம் கிட்டத்தட்ட அழுதேன்.

"நீங்கதான் பதறக் கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்களே," என்றார் தக்காளிக்காரர். "உளுந்தையும் உழுவாங்களாட்ட இருக்குதுன்னு கம்முனு நின்னுட்டமுங்க."

பொன்னுச்சாமி அண்ணன் மடங்கிக் கிடந்த செடிகளையே பார்த்தபடி நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மொதல்ல டீயைக் குடிங்க அம்மணி. மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு," என்றார்.

அந்த நட்டத்தை என் சம்பளத்தில் ஈடு கட்டுவதாக அங்கேயே சொன்னேன், கட்டவும் செய்தேன். கிளம்பும்போது தென்னந்தோப்புக்காரர் தனியே கூப்பிட்டார்.

"நட்டத்தை நீங்களே ஏத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்காகவே நாங்க அத்தனை பேரும் ஆளுக்கொரு வயல்ல சணப்பு போட்டுப் பாக்கறமுங்க. ஆனா உழுவற அன்னைக்கு மட்டும் நீங்க கோயமுத்தூர்லயே இருந்துக்கோங்க."

வேலை பிழைத்தது. மானம் பிழைக்கவில்லை. இன்றும் நான் கீரை ஆய உட்கார்ந்தால், என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுக் கேட்கிறார்:

"ஏனுங்க அம்மணி, அது நம்மூட்டுக் கீரைதானுங்களா?"